கொண்டுகூட்டும் காலவரிசையும்

கதை நிகழ்ந்த வரிசை ஒன்று; கதை சொல்லப்படும் வரிசை மற்றொன்று. இவ்விரண்டும் ஒத்தே செல்லவேண்டும் என்னும் விதி இலக்கிய உலகில் என்றும் இருந்ததில்லை. பாட்டி சொல்லும் கதை 'ஒரே ஓர் ஊரிலே' எனத் தொடங்கி நேரே செல்லும். காப்பியப் புலவன் சொல்லும் கதையோ நடுவில் தொடங்கும், பின்னே திரும்பும், முன்னே தாவும். எழுத்திலக்கியத்தில் நிலைபெற்றுவிட்ட இவ்வுரிமையைத் திரைப்படமும் தனதாக்கிக்கொண்டு நெடுங்காலம் ஆயிற்று.

அண்மைக் காலத்தில் புதியதொரு வழக்கம் தோன்றியுள்ளது. முன்பின்னாக அடுக்கப்பட்ட படக்காட்சிகளைக் கணினியின் துணைகொண்டு பிரித்தெடுத்து, நிகழ்ச்சிகள் நடந்த காலவரிசையில் மீண்டும் கோத்துப் பார்ப்பதே அது. அங்ஙனம் பார்த்தால்தான் கதை தெளிவாக விளங்குகிறது என்பர் ஒரு சாரார். இயக்குநர் வகுத்த வரிசையைக் கலைப்பது படத்தையே அழிப்பதாகும் என்பர் மற்றொரு சாரார். இவ்வழக்கைத் தீர்க்கத் தமிழாசிரியர் அயலே எங்கும் செல்லவேண்டுவதில்லை. இதற்கு இணையானதொரு வினாவைப் 'பொருள்கோள்' என்னும் பெயரால் தமிழிலக்கணம் முன்னரே எதிர்கொண்டு, விடையும் கண்டிருக்கிறது.

பொருள்கோள் காட்டும் நெறி

தொல்காப்பியர் சொல்லதிகாரத்து எச்சவியலில் நிரல்நிறை, சுண்ணம், அடிமறி, மொழிமாற்று என நான்கினைக் கூறினார். பவணந்தியார் நன்னூலில் அவற்றை எட்டாக விரித்தார். ஆற்றுநீர் போலத் தொடங்கிய இடத்திலிருந்து இடையறாது ஒழுகுவது ஒருவகை. முதலில் நின்ற சொல்லும் இறுதியில் நின்ற சொல்லும் வில்லின் இருமுனைகளை நாண் பிணைப்பதுபோல் இணைந்து பொருள் தருவது பூட்டுவில். இறுதியில் நின்ற சொல், புற்றில் நுழையும் பாம்பு உடல் மடங்கித் தலை திரும்புவதுபோல், இடைக்கும் முதலுக்கும் சென்று பொருள் தருவது அளைமறிபாப்பு. பல அடிகளிலும் சிதறிக் கிடக்கும் சொற்களைப் பொருளுக்கேற்ப எடுத்துக் கூட்டிக்கொள்வது கொண்டுகூட்டு. எந்த அடியை எங்கு மாற்றி வைத்தாலும் பொருள் கெடாதிருப்பது அடிமறிமாற்று.

இவ்விலக்கணத்தில் இரண்டு உண்மைகள் பொதிந்துள்ளன. முதலாவது, சொற்களை மாற்றிக் கூட்டுவது குற்றமன்று. அது கற்பவனின் கடமை. உரையாசிரியர்கள் அதனை நாள்தோறும் செய்தனர். இரண்டாவது, அங்ஙனம் கூட்டிய உரைநடையைப் பாட்டின் இடத்தில் வைத்து, 'இனி இதுவே செய்யுள்' என்று எந்த உரையாசிரியரும் சொன்னதில்லை. சொற்களை இன்ன இடத்தில் நிறுத்துவது பாடியவன் வேலை. அவற்றை மனத்துள் கூட்டிப் பொருள் காண்பது படிப்பவன் வேலை. படிப்பவன் தன் வேலையைச் செய்து முடித்தபின்னும் பாட்டு, பாடியவன் வைத்தபடியே இருக்கும்.

சிலம்பு தரும் சான்று

நிகழ்ச்சிகளின் வைப்புமுறை என்பது, முடிவை ஒளித்துவைத்துப் படிப்பவரை ஏங்கவைக்கும் தந்திரம் மட்டுமே எனப் பலர் கருதுகின்றனர். முடிவு தெரிந்தபின் வரிசை எதுவாயினும் ஒன்றே என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணம் தவறு என்பதற்குச் சிலப்பதிகாரமே சான்று.

மதுரைக் காண்டத்தின் இறுதியில் அமைந்த கட்டுரை காதையில், மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குக் கோவலனின் முற்பிறப்பு வரலாற்றைச் சொல்கிறது. கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் பரதன் என்னும் பெயருடன் அரசன் வசுவிடம் பணிபுரிந்தவன் அவன். சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனக் காட்டிக் கொடுத்து, அவன் கொலையுண்ணக் காரணமானான். சங்கமன் மனைவி நீலி துயருற்று அலைந்து, பதினான்காம் நாள் மலையுச்சியிலிருந்து வீழ்ந்து உயிர்நீத்தாள். அவள் இட்ட சாபமே கோவலனைச் சூழ்ந்தது. காலவரிசைப்படி இந்நிகழ்ச்சியே கதை முழுமைக்கும் முதலாவது. இளங்கோவடிகளோ இதனை வழக்குரை காதைக்கும் மதுரை எரியுண்டதற்கும் பின்னரே வைத்தார்.

இவ்வரலாற்றைப் புகார்க் காண்டத்தின் தலைப்பில் பெயர்த்து வைத்தால் யாது விளையும்? கோவலனின் சாவு ஒரு பழைய கடனின் தீர்வாகிவிடும். பாண்டியன் பொற்கொல்லன் ஒருவன் சொல்லை மட்டும் கேட்டுத் தீர்ப்பளித்த பிழை, ஊழின் கையிலிருந்த கருவியாகச் சுருங்கிவிடும். அரசவையில் சிலம்பேந்தி நின்று வழக்குரைக்கும் கண்ணகியின் சினத்திற்கு நியாயம் குறைந்துவிடும். அரசியல் பிழையை முதலில் கண்டு கொதித்தபின் ஊழை அறிவது வேறு. ஊழை முதலில் அறிந்துகொண்டு அரசியல் பிழையைக் காண்பது வேறு. செய்திகள் அவையே, நீதி மாறிவிடுகிறது.

சங்கமன் செய்தி பதிகத்திலேயே சுருங்கக் கூறப்பட்டுள்ளதே எனச் சிலர் வினவலாம். உண்மை. கதையின் முடிவும் அங்குக் கூறப்பட்டுவிடுகிறது. முடிவும் காரணமும் முன்னரே தெரிந்த நிலையிலும் வழக்குரை காதை நெஞ்சை உலுக்குகிறது என்பதே கவனிக்கத்தக்கது. செய்தியாகத் தெரிந்திருப்பது வேறு. நிகழ்ச்சி தன் இடத்தில் நின்று தாக்குவது வேறு. மலையகத் தோட்டங்களில் காமன் கூத்துப் பார்த்தவர்க்கு மன்மதன் எரிந்து சாம்பலாவான் என்பது தெரியாததன்று. தெரிந்தே விடிய விடிய விழித்திருந்தனர். எனவே வைப்புமுறையின் பயன் மறைப்பது அன்று. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் உரிய எடையை நிறுத்துக் கொடுப்பது.

'அந்த நாள்'

தமிழ்த் திரையுலகில் இதற்கு ஏற்ற சான்று 1954ஆம் ஆண்டு வெளிவந்த 'அந்த நாள்'. வீணை வித்தகர் எஸ். பாலசந்தர் இயக்கி, ஏவி.எம். நிறுவனம் தயாரித்த இப்படம் பாடலே இல்லாத படமாக வந்து வரலாற்றில் இடம்பெற்றது. திரைக்கதையை எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரி சிவானந்தமாகவும் நடித்தார்.

கதை 1943ஆம் ஆண்டுச் சென்னையில் நிகழ்கிறது. வானொலிப் பொறியாளனான இராஜன் (சிவாஜி கணேசன்) சுடப்பட்டு வீழ்வதே படத்தின் தொடக்கம். அண்டை வீட்டார், தம்பி, தம்பி மனைவி, காதலி, மனைவி உஷா (பண்டரிபாய்) ஆகியோர் மீது ஐயம் மாறி மாறி விழுகிறது. ஒவ்வொருவர் கூற்றும் இறந்தவனின் வாழ்வில் ஒரு பக்கத்தைத் திறக்கிறது. அவன் நாட்டின் இரகசியங்களை ஜப்பானியர்க்கு விற்றவன் என்பதும், அவனைத் தடுக்க முயன்ற மனைவியின் கையிலிருந்த துப்பாக்கியே அவன் உயிரைப் போக்கியது என்பதும் இறுதியில் வெளிப்படுகின்றன. முதற்காட்சியின் வெடியோசையும் இறுதியில் விளங்கும் காரணமும் ஒன்றையொன்று பற்றி நிற்கும் பூட்டுவில் இது.

இதனைக் காலவரிசையில் மாற்றி அடுக்கினால், ஆர்வமும் அறிவும் மிக்க இளைஞன் ஒருவன், தன் திறமையை நாடு மதிக்கவில்லை என்னும் கசப்பினால் படிப்படியாகத் தாழ்ந்து துரோகியாகும் கதை கிடைக்கும். அதுவும் நல்ல கதையே. ஆயினும் பாலசந்தர் சொன்னது அதுவன்று. அவர் முதலில் ஒரு பிணத்தைக் காட்டி இரக்கத்தைக் கேட்கிறார். பார்ப்பவர் தயங்காது இரங்குகின்றனர், கொன்றவர்மேல் சினங்கொள்கின்றனர். குடும்பத்தார் ஒவ்வொருவரையும் குற்றவாளியாக எண்ணிப் பார்க்கின்றனர். இறுதியில், யாருக்காக இரங்கினரோ அவனே குற்றவாளி என்பதும், யார்மேல் ஐயுற்றனரோ அவளே நாட்டுக்காகத் தன் வாழ்வை இழந்தவள் என்பதும் தெரியவருகின்றன. 'கொன்றவர் யார்' என்னும் வினா 'எவர் பொருட்டு இரங்கினோம்' என்னும் வினாவாகத் திரும்பிவிடுகிறது. காலவரிசையில் இத்திருப்பத்திற்கு இடமே இல்லை.

மலாயாத் தமிழருக்கு இத்திருப்பம் இன்னும் கூரியது. கதை நிகழும் அதே 1943இல் மலாயா ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது. தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், திரும்பாதோர் பலர். அதே ஆண்டுகளில் ஜப்பானியருடன் கைகோத்த இந்திய தேசிய இராணுவத்தில் நாட்டுப்பற்றுடன் சேர்ந்தவரும் அதே தோட்டங்களில் இருந்தனர். இத்தலைமுறையினர் முன் 'ஜப்பானியரின் ஒற்றன்' என்னும் சொல் எளிய கதைச் செய்தியாக இராது. இராஜன் ஒற்றன் என்பதை முதற்காட்சியிலேயே சொல்லியிருந்தால், சயாமுக்கு மகனைக் கொடுத்த தாய் அவன் முகத்தைக்கூட ஏறிட்டுப் பார்த்திருக்க மாட்டாள். இயக்குநரின் வரிசையோ அவளிடமிருந்தும் முதலில் இரக்கத்தைப் பெற்றுவிடுகிறது. அதன் பின்னரே உண்மையைச் சொல்கிறது.

பிறர் கலைத்த வரிசைகள்

இயக்குநரின் வரிசையைப் பிறர் கலைத்ததால் நேர்ந்த இழப்பிற்கு உலகத் திரைப்பட வரலாற்றில் தெளிவான சான்று உண்டு. இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனே 1984இல் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் அமெரிக்கா' என்னும் படத்தை எடுத்தார். 229 நிமிடம் ஓடும் அப்படம் ஒருவனின் இளமை, நடுவயது, முதுமை ஆகிய மூன்று காலங்களுக்கிடையே முன்னும் பின்னும் செல்வது. அமெரிக்க வெளியீட்டாளர் அதனை 139 நிமிடமாக வெட்டி, காட்சிகளையும் காலவரிசையில் அடுக்கி வெளியிட்டனர். படம் அங்குத் தோல்வியுற்றது. முதுமைக் காட்சிகள் நிகழ்ந்தவையா, அன்றி அபின் மயக்கத்தில் அவன் கண்ட கனவா என்னும் ஐயம் மூலப்படத்தின் உயிர். நேர்வரிசையில் அவ்வுயிர் தங்கவில்லை. தேய்ந்து எஞ்சியது, குற்றவாளிக் கூட்டம் ஒன்றின் வாழ்க்கைக் குறிப்பு.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. பிரான்சிஸ் போர்டு கொப்போலாவின் 'காட்பாதர்' முதலிரு பாகங்கள் (1972, 1974), 1977இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக அவரது இசைவுடனேயே காலவரிசையில் கோக்கப்பட்டன. கதை எளிதில் விளங்கிற்று. விடுபட்ட காட்சிகளும் கிடைத்தன. ஆயினும் இரண்டாம் பாகத்தின் உயிர்நிலையே, தந்தை ஒரு குடும்பத்தைக் கட்டி எழுப்பும் காட்சிக்கு அடுத்து, மகன் அதே குடும்பத்தை இழக்கும் காட்சி வருவதில்தான் இருந்தது. இவற்றைப் பிரித்து, தந்தையின் கதையைத் தலையிலும் மகனின் கதையைக் காலிலும் வைத்தபின், அந்த ஒப்பீட்டைப் பார்ப்பவரே நினைவிலிருந்து செய்துகொள்ள வேண்டியதாயிற்று. மாற்றியவர் படைப்பாளியே ஆயினும் மாற்றம் மாற்றமே என்பது இதனால் புலனாகும்.

நினைவிழந்தவனின் கதை இருவகையில்

ஒரே கருவை இருவேறு வரிசைகளில் சொன்ன இரு படங்களை ஒப்பிடுவது மாணாக்கர்க்குப் பயன்தரும். கிறிஸ்டோபர் நோலனின் 'மெமென்டோ' (2000) புதிய நினைவு எதுவும் தங்காத ஒருவனின் கதை. அதன் வண்ணக் காட்சிகள் பின்னிருந்து முன்னாகவும், கறுப்பு வெள்ளைக் காட்சிகள் முன்னிருந்து பின்னாகவும் சென்று இறுதியில் சந்திக்கின்றன. ஈற்றில் நின்றது இடைக்கும் முதலுக்கும் சென்று பொருள் தரும் அளைமறிபாப்பு இது. ஒவ்வொரு காட்சி தொடங்கும்போதும் முன்நிகழ்ந்தது யாது என்பது நாயகனுக்குத் தெரியாது, பார்ப்பவர்க்கும் தெரியாது. இப்படத்தின் குறுந்தட்டுப் பதிப்பொன்றில் காலவரிசையில் பார்க்கும் வசதி மறைவாக வைக்கப்பட்டிருந்தது. அவ்வழி பார்ப்போர்க்கு, நாயகன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் உண்மை முற்பகுதியிலேயே வெளிப்பட்டுவிடும். அதன்பின் நாயகனுக்கு மட்டுமே நோய். பார்ப்பவர் நலமாக இருப்பர்.

ஏ.ஆர். முருகதாஸ் இயக்கிய 'கஜினி' (2005) 'மெமென்டோ'வுடன் ஒப்பிட்டுப் பேசப்படும் தமிழ்ப்படம். இங்கும் நாயகனுக்கு நினைவு தங்குவதில்லை. ஆயினும் பார்ப்பவரின் நினைவை இயக்குநர் பறிக்கவில்லை. நாட்குறிப்பின் வழியே பழங்கதை ஒழுங்காக விரிகிறது. வரிசையில் அவர் செய்த மாற்றம் ஒன்றே: காதலி கொல்லப்பட்டவள் என்பதை முன்னரே உணர்த்திவிட்டு, அவளது குறும்பையும் சிரிப்பையும் பின்னர்க் காட்டினார். அந்த ஒரு மாற்றத்தால் நகைச்சுவைக் காட்சிகளின் அடியில் அவலம் ஓடுகிறது. நேர்வரிசையில் அடுக்கினால் முன்பாதி வெறும் காதற் களியாட்டமாகவும் பின்பாதி வெறும் பழிவாங்கலாகவும் பிரிந்துவிடும். முன்னது அறிவைக் குழப்பி நோயை உணர்த்திற்று. பின்னது அறிவைத் தெளிவாக வைத்து இழப்பை உணர்த்திற்று. இரண்டிலும் வரிசை தன் வேலையைச் செய்திருக்கிறது.

வரிசைப்படுத்த இயலாத கதைகள்

சில படங்களைக் காலவரிசையில் அடுக்கவே இயலாது என்பதையும் எண்ணுதல் வேண்டும். கமல்ஹாசனின் 'விருமாண்டி' (2004) சிறையிலுள்ள இருவரின் வாக்குமூலங்களால் ஆனது. கொத்தாளத் தேவர் முதலில் சொல்கிறார். விருமாண்டி பின்னர்ச் சொல்கிறான். நிகழ்ச்சிகள் அவையே, உண்மைகள் வேறு. அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950) காட்டிய வழி இது. இதனைக் காலவரிசைப்படுத்த முனைபவர், ஒரே நிகழ்ச்சியின் இரு வடிவங்களுள் ஒன்றை விலக்கியே ஆகவேண்டும். எதனை விலக்குவது? அதனை முடிவு செய்யும் கணத்தில் அவர் படத்தொகுப்பாளர் நிலையைக் கடந்து நீதிபதி ஆகிவிடுகிறார். முதலில் கேட்ட சொல்லே உண்மையாகத் தோன்றும் மனித இயல்பை இப்படம் சோதிக்கிறது. பொற்கொல்லன் சொல்லை மட்டும் கேட்ட பாண்டியன் வீழ்ந்த இடமும் அதுவே.

காலவரிசை எப்போது நன்று

இவ்வளவும் கூறியதால் காலவரிசையே தீது என முடிவுகட்டலாகாது. அசாம் ஜாவா முதலாகக் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களிலும் வட சிலாங்கூரின் பிற தோட்டங்களிலும், திடலில் வெண்திரை கட்டிப் படம் காட்டிய காலம் ஒன்று இருந்தது. பால்மரக்காட்டு வேலையும் அடுப்பு வேலையும் முடித்துத் தாமதமாக வந்தமரும் பெண்கள், பக்கத்திலிருக்கும் அக்காவிடம் முன்கதை கேட்பர். அக்காவும் நிகழ்ந்ததை நிகழ்ந்த வரிசையில் நான்கு சொற்களில் சொல்லிவிடுவார். அது காலவரிசையின் நற்பணி. பின்தங்கி வந்தவர்க்குக் கைகொடுப்பது அது. வகுப்பில் பின்தங்கிய மாணாக்கனுக்கும் அவ்வுதவி உரியதே. ஆயினும் அக்கா சொன்ன முன்கதையைக் கேட்டுவிட்டு எவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பியதில்லை. திரையைப் பார்க்கவே வந்தனர், பார்த்தனர்.

காலவரிசைக்கு மற்றொரு பயனும் உண்டு. அது படைப்பை உரசிப் பார்க்கும் உரைகல். ஒரு படத்தின் காட்சிகளைக் கலைத்து நேராக அடுக்கியபின்னும் எதுவும் குறையவில்லையாயின், இயக்குநர் செய்த முன்பின் மாற்றம் தேவையற்ற அலங்காரம் என்பது வெளிப்படும். செய்யுளில் அடிமறிமாற்று ஓர் அருமை. கதையில் அது ஒரு குறை. எங்கு வைத்தாலும் பொருந்தும் காட்சிக்கு எங்கும் இன்றியமையாமை இல்லை. இவ்வுரைகல்லில் 'அந்த நாள்' தேறுகிறது. இன்று வெளிவரும் படங்களுள் தேறாதவை பல.

வகுப்பறையில் செய்யத்தக்கது

இவ்வாராய்ச்சி திரைப்படத்தோடு நில்லாமல் இலக்கியக் கல்வியையும் தொடுகிறது. தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணாக்கர் நாவலையும் நாடகத்தையும் கதைச்சுருக்கமாகவே கைக்கொள்கின்றனர். கதைச்சுருக்கம் என்பது காலவரிசையில் கோத்த கதையே. பின்னர், 'ஆசிரியர் பின்னோக்கு உத்தியைக் கையாண்டுள்ளார்' என ஒரு தொடரை எழுதி மதிப்பெண்ணும் பெற்றுவிடுகின்றனர். அவ்வுத்தி அவ்விடத்தில் ஏன் வந்தது என்னும் வினா எழுவதேயில்லை. மூலநூலைத் தொடாமலே சுருக்கத்தைப் படித்துத் தேறிவிடலாம் என்னும் நம்பிக்கை அவர்களிடையே வளர்கிறது. கைபேசியில் விரும்பிய காட்சிக்குத் தாவிப் படம் பார்க்கும் பழக்கம் இந்நம்பிக்கைக்கு வலுவூட்டுகிறது. ஒருவன் சொல்லை அவன் சொல்லும் முறையிலேயே இறுதிவரை பொறுத்திருந்து கேட்கும் பண்பு இதனால் மறைந்துவிடக்கூடும். அப்பண்பு மறைந்தால் இழப்பு இலக்கியத்திற்கு மட்டுமன்று.

இதற்கு மாற்று அரிதன்று. முதலில் படைப்பை அதன் வரிசையிலேயே முழுவதும் படிக்கச் செய்தல் வேண்டும். அடுத்து, கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, ஒருபுறம் நிகழ்ந்த வரிசையையும் மறுபுறம் சொல்லப்பட்ட வரிசையையும் மாணாக்கரையே எழுதச் சொல்லலாம். இரண்டும் வேறுபடும் இடங்களில் கோடிட்டு, 'இதனை இங்கு வைத்ததால் யாருக்கு இரங்கினாய்? யார்மேல் ஐயுற்றாய்? அங்கு வைத்திருந்தால் எவ்வாறு நினைத்திருப்பாய்?' என வினவலாம். மாணாக்கர் தரும் விடைகளே திறனாய்வு. அதன்பின் மீண்டும் மூலத்திற்குத் திரும்புதல் வேண்டும். கொண்டுகூட்டிப் பொருள் கண்டபின் செய்யுளை மறுமுறை வாய்விட்டுப் படிக்கச் செய்வது தமிழாசிரியர் மரபு. அம்மரபையே திரைப்படத்திற்கும் நாவலுக்கும் நீட்டினால் போதும்.

காலவரிசை கதையை விளக்கும் உரை. இயக்குநரின் வரிசை கதையின் மூலம். உரையின்றி மூலம் சிலர்க்கு விளங்காமற் போகலாம். மூலமின்றி உரைக்கு வாழ்வே இல்லை.